உப்சாலா நகரத்து லின்னேயர்

சுவீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்த் தொலைவில், ஃபூரிஸ் என்னும் சிற்றாற்றின் இரு கரையிலும் அமைந்துள்ளது உப்சாலா என்னும் பழம்பதி. 1477-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சர்வகலாசாலை அங்கேதான் உளது. ஸ்காந்திநாவிய நாடுகளிலுள்ள ஆலயங்களுள் மிக உயர்ந்ததாகிய பேராலயமும் அங்கேதான் உளது. பண்டை மன்னர்களின் புதைமேடுகளையும், மருத்துவ மாணவர் பிணமறுத்துக் கற்பதற்கென 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த எண்கோண அரங்கினையும், செந்நீலத் தோலேட்டில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பெற்ற பழைய வேதப் பிரதியினையும் காண்பதற்கென்றே அந்நகருக்குப் பலர் செல்கின்றனர். அவற்றின் பெருமையைக் கூறப் புகின் இவ்விதழ் முழுவதும் போதாது. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வேறு. அந்நகரில் ஒரு வீடும், அதனை அடுத்து ஒரு தோட்டமும், நகர்க்குப் புறத்தே ஒரு பண்ணை மனையும், பேராலயத்தின் தளத்தில் ஒரு கல்லும் உள. இந்நான்கினையும் பார்த்து வருவோன் ஒருவருடைய வாழ்க்கையையே பார்த்தவனாவான். அவர்தாம் கார்ல் லின்னேயஸ் என்பார். அவரை லின்னேயர் என்றே இனி வழங்குவோம்.

நம் கல்லூரியில் தாவர நூல் கற்கும் மாணவர்க்கு இப்பெயர் புதிதன்று. மாவிற்கும் தென்னைக்கும், நெல்லிற்கும் ஆலுக்கும் அரசிற்கும் உரிய இலத்தீன் பெயர்களை எழுதும்போது, ஈற்றிலே ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் இடுகின்றோம் அல்லமோ? அவ்வெழுத்து அவர் பெயரின் முதலெழுத்தாகும். வெப்ப நாடு ஒன்றையேனும் தம் வாழ்நாளிற் காணாத ஒருவர், நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களுக்கு உலகமெல்லாம் வழங்கும் பெயரை இட்டுப் போனார்.

அவர் பிறந்தது 1707-ஆம் ஆண்டு மே மாதம், தென் சுவீடனிலுள்ள ரோஷுல்ட் என்னும் சிற்றூரில். தந்தையார் ஒரு குருவானவர். செடிகொடிகளில் மிக்க விருப்பமுடையவர். அக்காலத்தில் அந்நாட்டு மக்களுட் பலர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. சர்வகலாசாலையிற் சேர்வதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தமையின், தம் குலத்தார் நிலத்தில் நின்ற ஒரு பெரிய லிண்டன் மரத்தை நினைந்து, அதன் பெயரால் தமக்கு லின்னேயஸ் என்று தந்தையார் பெயர் வகுத்துக்கொண்டார். உலகிலுள்ள மரங்களுக்கெல்லாம் பெயரிட்டவர்க்கு ஒரு மரமே முதலிற் பெயரளித்தது எனலாம்.

மகனையும் குருத்துவத்திற்கே ஆக்கவேண்டும் என்பது பெற்றோர் கருத்து. ஆனால் வெக்ஷே நகரப் பள்ளியில் அச்சிறுவர் இறைநூற் பாடங்களிற் பின்தங்கினார். புல்வெளிகளிலேயே பொழுது கழித்தார். தந்தையார் மனம் சோர்ந்திருந்த வேளையில், அங்கு வைத்தியரும் ஆசிரியருமாயிருந்த ரோத்மான் என்பார், இவன் மருத்துவத்திற்கு உரியவன் எனக் கூறித் தம் இல்லத்திலேயே வைத்துக் கற்பித்தார். ஒரு மாணவன் எதற்குத் தகுதியற்றவன் என்பதைப் பலர் கண்டறிவர். எதற்குத் தகுதியுடையவன் என்பதைக் காண்பவர் சிலரே. ரோத்மான் அச்சிலருள் ஒருவர்.

1727-இல் லுண்ட் நகரிற் கற்கத் தொடங்கி, மறு ஆண்டு உப்சாலாவிற்கு வந்தார் லின்னேயர். கையிற் பொருளில்லை. கிழிந்த பாதரட்சைகளுக்குள் தாளை மடித்து வைத்து நடந்தார் என்பது அவர் காலத்தைப் பற்றி வழங்கும் செய்தி. 1729-ஆம் ஆண்டின் இளவேனிலில், சர்வகலாசாலைத் தோட்டத்தில் ஒரு செடியை உற்று நோக்கிக்கொண்டிருந்த இவ்விளைஞரை, ஓலாஃப் செல்சியஸ் என்னும் முதிய இறைநூற் பேராசிரியர் கண்டார். வெப்பமானியால் நமக்கெல்லாம் தெரிந்த செல்சியஸ் இவர் அல்லர். அவர்க்குச் சிற்றப்பர் முறையினர். முதியவர் சில வினாக்களைக் கேட்டார். விடைகளால் வியப்புற்றுத் தம் வீட்டிலேயே இடமும் உணவும் அளித்தார். அடுத்த ஆண்டே, மாணவராயிருந்த லின்னேயர், முதுமையால் தளர்ந்த பேராசிரியர் ருட்பெக்குக்கு மாறாக அத்தோட்டத்தில் நின்று பிற மாணவர்க்குப் பாடஞ் சொல்லலானார்.

அந்நாட்களில் அவர்க்கு வாய்த்த நண்பர் பேதுரு ஆர்ட்டேடி என்பார். இவர்க்கு மீனினங்களில் ஆர்வம் மிகுதி. இருவரும் இயற்கையுலகைத் தம்முட் பாகம் பிரித்துக்கொண்டு ஆராய்ந்தனர். நம்முள் ஒருவர் முன்னர் இறப்பின், மற்றவர் அவர் எழுதியவற்றை வெளியிடவேண்டும் என உறுதியும் செய்துகொண்டனர். இளைஞர் விளையாட்டாகச் செய்துகொள்ளும் உறுதிமொழி இது என்றே எவரும் எண்ணுவர்.

1732-ஆம் ஆண்டு மே மாதத்தில், உப்சாலாவின் அறிஞர் கழகத்தார் அளித்த சிறு பொருளுதவியைக் கொண்டு, இருபத்தைந்து வயதினராகிய லின்னேயர் வட கோடியிலுள்ள லாப்லாந்துக்குப் புறப்பட்டார். குதிரைமீதும், படகிலும், பெரும்பாலும் கால்நடையாகவும், சதுப்புகளையும் பனிமலைகளையும் கடந்து, மான் மேய்க்கும் சாமி மக்களிடையே தங்கி, ஐந்து திங்களுக்குப் பின் மீண்டார். தாம் சென்ற தூரத்தைக் கழகத்தார்க்குச் சற்று மிகைப்படக் காட்டினார் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தோர் கூறுவர். இருக்கலாம், அவர் தம் புகழில் நாட்டமில்லாதவர் அல்லர். வட நாட்டுக் காடுகளில் இரட்டை மணிகள்போல் தலை கவிழ்ந்து மலரும் மென்சிவப்பான ஒரு சிறு பூ அவர்க்கு மிக உவப்பானது. அதற்கு அவர் பெயரையே நண்பரொருவர் இட்டனர். பின்னாளிற் சீனத்திலிருந்து தேநீர்க் கிண்ணங்களை வருவித்தபோதும், அவற்றில் அப்பூவையே தீட்டச் செய்தார்.

1735-இல் ஹாலந்து நாட்டிற்குச் சென்றார். முதிர்ந்த மருத்துவப் பட்டம் பெற்று வந்தாலன்றித் தம் மகள் சாரா எலிசபெத்தை மணஞ்செய்து தருவதற்கில்லை என ஃபாலுன் நகரத்து வைத்தியர் மொராயஸ் கருதியது அப்பயணத்திற்கு ஒரு காரணம். பட்டத்தை ஒரு வாரத்திற்குள்ளேயே பெற்றுவிட்டார். முறைக்காய்ச்சலின் காரணத்தைப் பற்றி அவர் அளித்த கட்டுரையில், நீரிலுள்ள களிமண் நுண்துகள்களே அந்நோயை விளைப்பன என்று எழுதினார். அது முற்றிலும் பிழை. ஆனால் அவ்வாண்டே லைடன் நகரில் வெளியான மற்றொரு நூல் பிழையை மறக்கச் செய்தது. சில பெரிய தாள்களேயடங்கிய அந்நூலில், கல்லும் செடியும் விலங்குமாகிய மூவகை உலகினையும் வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என வகைப்படுத்தி அட்டவணையாகத் தந்தார். பூக்களின் கேசரங்களை எண்ணியே ஒரு செடியின் வகுப்பைக் கூறிவிடலாம் என்றார். இம்முறை இயற்கையான உறவைக் காட்டுவதன்று; அதனை அவரே அறிவார். ஆயினும் எண்ணத் தெரிந்த எவனும் இதனைக் கையாளலாம் என்பதே இதன் வெற்றிக்குக் காரணமாயிற்று.

அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆர்ட்டேடியை மீண்டும் சந்தித்தார். நண்பர் தம் மீன்நூலை ஏறத்தாழ முடித்திருந்தார். சின்னாட்களில், ஓரிரவு விருந்துண்டு திரும்பும் வழியில், ஆர்ட்டேடி இருளிற் கால்வாயில் வீழ்ந்து மாண்டார். வயது முப்பது. வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் கையெழுத்துப் படிகளைத் தர மறுத்தார். லின்னேயர் அப்போது கிளிஃபர்ட் என்னும் செல்வருடைய தோட்டத்தில் பணியாற்றி வந்தார். அச்செல்வரை வேண்டிக் கடனைத் தீர்த்து, படிகளை மீட்டு, தம் வேலைகளை ஒதுக்கி வைத்து ஒழுங்குபடுத்தி, 1738-இல் நண்பர் பெயராலேயே அச்சிட்டார். மீனினங்களைப் பற்றிய நூலுக்கு இன்றும் அடிப்படையாகக் கூறப்படுவது அது. லின்னேயர் எழுதிய நூல்கள் பல. எமக்கு எல்லாவற்றினும் மேலாகத் தோன்றுவது, அவர் எழுதாத இந்நூலே.

கிளிஃபர்டின் தோட்டத்தில் கண்ணாடிக் கூடத்துள் ஒரு வாழையைப் பேணிப் பூக்கவும் காய்க்கவும் செய்து, அதனைப் பற்றி 1736-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். நமக்கு இது நகைப்பை விளைக்கும். வாழை குலை தள்ளியதற்கு நூல் எழுதுவதாயின் நம் நாட்டில் ஏடு போதாது! வட ஐரோப்பாவில் அது கண்காட்சியாயிருந்தது. பரதீசு என்னும் சொல்லை உள்ளடக்கி வாழைக்கு அவர் பின்னர் இட்ட பெயர் இன்றும் வழங்குகின்றது.

1738-இல் தாய்நாடு திரும்பி, ஸ்டாக்ஹோமில் வைத்தியஞ் செய்து பொருளீட்டி, மறு ஆண்டு சாரா எலிசபெத்தை மணந்தார். 1741-இல் உப்சாலாவிற் பேராசிரியரானார். இனி நாம் அவ்வீட்டிற்கும் தோட்டத்திற்கும் வருவோம்.

அத்தோட்டம் 1655-இல் மூத்த ருட்பெக் அமைத்தது. 1702-இல் நகரையே அழித்த பெருந்தீயினால் அதுவும் பாழாயிற்று. லின்னேயர் அதனைப் புதுக்கி, ஒருபுறம் ஓராண்டுச் செடிகளும் மறுபுறம் பல்லாண்டுச் செடிகளுமாகத் தம் வகுப்புமுறைப்படியே பாத்தி வகுத்து நட்டார். பனிக்காலத்தில் வெப்ப நாட்டுச் செடிகளைக் காக்க ஒரு கூடமும் கட்டப்பட்டது. அதன் மூலையிலுள்ள வீட்டில் 1743 முதல் இறுதிவரை குடியிருந்தார். வீடு 1937 முதல் பொருட்காட்சிசாலையாக உளது. தோட்டமும், அவர் 1745-இல் வெளியிட்ட படத்தைக் கொண்டே மீண்டும் அமைக்கப்பட்டது. அவர் வளர்த்தனவென்று தெரிந்த செடிகளன்றி வேறொன்றும் அங்கு நடுவதில்லை என்பது அத்தோட்டத்தார் விதி. அங்கே குரங்குகளையும் வளர்த்தார். பட்டத்திளவரசர் அனுப்பிய ரக்கூன் என்னும் அமெரிக்க விலங்கினையும் வளர்த்தார். நாய் கடித்து அது இறந்தபோது, வருந்தினார். வருந்தியபின் அதனை அறுத்துப் பார்த்து அதன் உறுப்புக்களைக் குறித்தும் வைத்தார்.

அவர் வகுப்பு நடத்திய விதம் மாணவர்க்கு மிக இனியது. கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மெல்லிய தளர்ந்த ஆடை பூண்டு அவருடன் நகர்ப்புறத்து வயல்களிலும் காடுகளிலும் செடி தேடச் செல்வர். மாலையில் தொப்பிகளிற் பூக்களைச் செருகிக்கொண்டு, கொம்பும் முரசும் முழங்க ஊர் திரும்பி, தோட்டத்து வாயிலில் ஆசிரியரை வாழ்த்திக் கலைவர். கற்றல் இத்துணைக் களிப்புடையதாதல் தகுமோ என்று முகஞ்சுளித்தவர் அக்காலத்திலும் இருந்தனர்.

1753-இல் வெளியான அவருடைய தாவர நூலில் ஏறக்குறைய 6,000 சிற்றினங்கள் அடங்கும். அதுகாறும் ஒரு செடியைக் குறிப்பதற்கு அதன் தண்டும் இலையும் பூவும் இன்னவாறிருக்கும் என ஒரு முழு வாக்கியத்தையே சொல்லவேண்டியிருந்தது. புதிய செடி ஒன்று அகப்படுந்தோறும் வாக்கியம் நீளும். லின்னேயரோ பேரினத்திற்கு ஒரு சொல், சிற்றினத்திற்கு ஒரு சொல் என இரு சொற்களால் எல்லாவற்றையும் முடித்தார். நம் உழவர் நெடுங்காலமாகக் கருவேல், வெள்வேல், குடைவேல் என்று வழங்குவதும் இம்முறையே அன்றோ? எங்கும் மக்கள் இயல்பாகச் செய்ததை அவர் விதியாக்கினார். விதியாக்கியபின் ஒரு மொழியாளர் கூறியது மற்றொரு மொழியாளர்க்கு ஐயமின்றி விளங்கலாயிற்று. 1758-இல் விலங்குகளுக்கும் அவ்வாறே செய்தார். மனிதனையும் விட்டுவைக்காமல் குரங்கோடு ஒரே வரிசையிற் சேர்த்தது அவருடைய துணிவு. ஆனால் அதே ஏட்டில் மனிதரை நான்கு வகையாகப் பிரித்து, தாம் ஒருநாளும் கண்டறியாத ஆசிய மக்களைச் செருக்கும் பேராசையும் உடையவரென எழுதினார். ஆப்பிரிக்கரைப் பற்றி எழுதியது இன்னும் இழிவானது. கேசரங்களை எண்ணிப் பார்த்து எழுதிய கை, இவ்விடத்தில் எண்ணாமலே எழுதிற்று. பின்வந்தோர் இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு செய்த தீங்கு பெரிது. அவர் பெருமையைப் பேசுமிடத்து இதனை மறைத்தல் முறையன்று.

தாம் செல்லாத நாடுகளின் செடிகள் அவர்க்குக் கிடைத்தது எங்ஙனம்? ஹெர்மன் என்பார் இலங்கையிற் சேர்த்த உலர்ந்த செடிகளைக் கொண்டு 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். ஆயினும் பிறர் சேர்த்தன போதாவாகத் தம் மாணவரையே திசைதோறும் அனுப்பலானார். பதினேழு பேரை அவருடைய தூதர் என வழங்குவர். இவ்விடத்திலேதான் அவ்வீட்டின் வரலாறு துயரமுடையதாகின்றது.

முதலிற் சென்றவர் டேர்ன்ஸ்ட்ரோம், மனைவி மக்களையுடையவர். சீனத்தை அடையுமுன்னரே 1746-இல் வியட்நாமுக்குத் தெற்கேயுள்ள ஒரு தீவில் காய்ச்சலால் இறந்தார். அவர் மனைவி, தன் கணவர் சாவிற்கு லின்னேயரே காரணமெனப் பழித்தார். அதன்பின் மணமாகாதவரையே அனுப்புவதென லின்னேயர் முடிவு செய்தார். முடிவு அவ்வளவே, அனுப்புவதை நிறுத்தினாரில்லை. ஹாசல்குவிஸ்ட் பாலஸ்தீனத்தைச் சுற்றிவிட்டு 1752-இல் ஸ்மர்னா நகரருகே மடிந்தார். அவர் சேர்த்தவற்றைக் கடன்காரர் பற்றிக்கொள்ள, சுவீடன் அரசியார் பொருள் கொடுத்து மீட்டார். லின்னேயரின் உள்ளத்துக்கு மிக நெருங்கியவரான லேஃப்லிங் 1756-இல் தென் அமெரிக்காவில் இருபத்தேழாம் வயதில் இறந்தார். ஃபோர்ஸ்கோல் 1763-இல் யேமன் நாட்டில் இறந்தார். அவரைக் கொன்றது, ஆசிரியர் களிமண்ணால் விளைவதென எழுதிய அதே முறைக்காய்ச்சல். எளிதில் விடாது பற்றிக்கொள்ளும் ஒரு செடிக்கு அவர் பெயரை இட்டார் லின்னேயர், ஃபோர்ஸ்கோல் பிடிவாதமுடையவர். ஹாசல்குவிஸ்ட், லேஃப்லிங் இருவரின் குறிப்புக்களையும் லின்னேயரே பதிப்பித்தார். ஆர்ட்டேடிக்குச் செய்த கடமையை அவர் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதாயிற்று.

இம்மாணவர் வரிசையில் ஒருவர் நம் நாட்டிற்கே வந்தார். ஜோஹான் கெரார்டு கேனிக் என்பார் 1768-இல் தரங்கம்பாடியை அடைந்து, ஆங்கு டேனிய மிஷனைச் சார்ந்த வைத்தியராயிருந்து, சோழ மண்டலக் கரையின் செடிகளைச் சேர்த்து ஆசிரியர்க்கு அனுப்பினார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடமும் பணி செய்து, சயாம் வரையிற் சென்று வந்தார். தமிழ் அகராதி தொகுத்த ரோட்லர் ஐயர் தாவர நூல் கற்றது இவரிடத்தே. 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கேனிக் உயிர் நீத்தார். நாம் நாள்தோறும் தாளிதத்தில் இடும் கறிவேப்பிலையின் சிற்றினப் பெயர் அவரைக் குறிப்பது. 1771-இல் லின்னேயர் இட்டது. பிற்காலத்தார் அம்மரத்தை முர்ரேயா என்னும் பேரினத்திற் சேர்த்தனர். அது முர்ரே என்னும் மற்றொரு மாணவர் பெயர். உண்ணும்போது இலையின் ஓரத்தில் நாம் ஒதுக்கி வைப்பதில் உப்சாலாவின் இரு மாணவர் பெயர்கள் உள என்பதை எத்தனை பேர் அறிவோம்?

நகர்க்குத் தென்கிழக்கே ஹாம்மர்பி என்னும் பண்ணையை 1758-இல் விலைக்கு வாங்கினார். அரசர் அவரைப் பிரபுக்கள் வரிசையிலும் சேர்த்தனர். சிவப்பு வண்ணம் பூசிய மரவீடு. மாடியில் அவர் படித்த அறையிலும் துயின்ற அறையிலும் சுவரெங்கும் செடிகளின் அச்சுப்படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அவர் ஒட்டுவித்தவை இன்றும் அங்ஙனமே உள. அத்தோட்டத்தில் அவர் மூத்த மகள் எலிசபெத் கிறிஸ்டினா, மாலையிருளில் ஒருவகைப் பூக்கள் மின்னுவதுபோல் தோன்றுவதைக் கண்டு, 1762-இல் அறிஞர் கழகத்தின் ஏட்டில் எழுதினார். அக்காலத்துச் சர்வகலாசாலையில் பெண்களுக்கு இடமில்லை. இருந்திருப்பின் அவரும் ஒரு பெயர் பெற்றிருப்பார் என எண்ணுகின்றோம். 1766-இல் உப்சாலாவில் மீண்டும் தீப்பற்றவே, அஞ்சிய லின்னேயர் தம் தொகுதிகளைக் காக்க, ஹாம்மர்பியின் குன்றின்மேல் 1769-இல் கல்லால் ஒரு சிறு மண்டபம் கட்டினார். அதில் அடுப்பே வைக்கவில்லை. வட நாட்டுக் குளிரில் நடுங்கினாலும் நெருப்பு உள்ளே வரலாகாது என்பது அவர் எண்ணம்.

நெருப்புக்குத் தப்பியவை முதுமைக்குத் தப்பவில்லை. 1774-இல் அவர்க்கு வாத நோய் கண்டது. இரண்டாண்டுகளில் மீண்டும் தாக்கிற்று. நினைவு மங்கியது. தாம் எழுதிய நூல்களையே பிறர் நூலென எண்ணி வியந்தார் என்றும், இறுதியில் தம் பெயரையும் நினைவிற் கொணர மாட்டாதவரானார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். 1777-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், வீட்டார் தடுத்தும் கேளாமல், வண்டியோட்டியை ஏவித் தம் மற்றொரு பண்ணைக்குப் பனிச்சறுக்கு வண்டியிற் போய்விட்டார். தேடிச் சென்றவர்கள், அவர் அடுப்பங்கரையில் வண்டியின்மீதே சாய்ந்து அமைதியாகப் புகை பிடித்துக்கொண்டிருக்கக் கண்டனர். 1778 ஜனவரி 10-ஆம் நாள் தோட்டத்து வீட்டில் இறந்தார். பேராலயத்தின் தளத்தில், வருவோர் போவோர் அடிபடும் இடத்தில், அவர் கல்லறைக் கல் உளது.

ஐந்தாண்டிற்குப் பின் அவர் மகனும் இறந்தார். கைம்பெண்ணாகிய சாரா எலிசபெத், மகளிரின் வாழ்வைக் கருதி, தொகுதிகள் அனைத்தையும் 1784-இல் ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞர்க்கு ஆயிரம் கினிக்கு விற்றார். ஏறத்தாழ 14,000 உலர்ந்த செடிகளும், மூவாயிரத்திற்கு மேற்பட்ட பூச்சிகளும், நூல்களும் கடிதங்களும் கப்பலேறின. அரசர் அதனை மறிக்கப் போர்க்கப்பல் அனுப்பினார் என்பது கட்டுக்கதை. அம்மையாரைப் பழிப்போர் பலர். பழிப்பவர் எவரும் அன்று அவர்க்கு ஆயிரம் கினி கொடுக்க முன்வந்தாரில்லை என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். அத்தொகுதி இன்று லண்டனில், லின்னேயர் பெயராலேயே 1788-இல் தோன்றிய சங்கத்தாரிடம் உளது.

ஆதலின் உப்சாலாவிற்குச் செல்வோர் அவ்வீட்டில் அவருடைய செடியேடுகளைத் தேடிப் பயனில்லை. 1787-இல் அரசர் கோட்டைத் தோட்டத்தைச் சர்வகலாசாலைக்கு ஈந்தபோது, பழைய தோட்டத்தில் உயிருடன் எஞ்சியவற்றுட் சில மேட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றுள் நான்கு லாரல் மரங்கள் இன்றும் தழைத்துள்ளன. அவர் கையால் வளர்க்கப்பெற்ற அம்மரங்களை அங்குள்ள குளிர்காப்புக் கூடத்திற் காணலாம்.